அந்த மூன்று வெள்ளிக்கிழமைகள்

கேள்வி: நாங்கள் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே வசிக்கிறோம். என் மகன் பள்ளியின் (அமெரிக்க) ஃபுட்பால் அணியில் லைன்மேனாக, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதித் தடுப்பவனாக, ஆடுகிறான். வரும் பருவம் அவனுக்குக் கடைசிப் பருவம். பள்ளிகளின் அளவைப் பார்த்துப் பிரிக்கும் டிவிஷன்களில் (1 என்பதே மிகப் பெரிய பள்ளிகளுக்கு) எங்கள் பள்ளி டிவிஷன் 3-இல் இருக்கிறது. பல வருடங்களாக இரண்டாம் வாரத்தில் பக்கத்து ஊர்ச் சிறிய பள்ளியோடு ஆடிவந்தார்கள். அந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு டிவிஷன் 1 பள்ளியோடு ஆடப்போவதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். காரணம் கேட்டதற்கு ‘கம்ப்யூட்டர் பாயிண்ட்ஸ்’ என்றார்கள், அவ்வளவுதான். அணிக்குத் துணைநிற்கும் பெற்றோரின் பூஸ்டர் குழுவில் நானும் இருக்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எங்கள் கருத்தைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த விளையாட்டே மகனால்தான் பழக்கம். பிள்ளைகள் யாரோடு ஆட வேண்டும் என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கலாமா? நான் கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

— ஒரு தாய், ஒஹாயோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒஹாயோவில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தபோது, பன்னிரண்டு பருவங்கள் அந்தப் பள்ளியின் விளையாட்டு இயக்குநருக்கு அட்டவணைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவன் நான். உங்கள் கேள்வியை எத்தனையோ பெற்றோர் என்னிடம் நேரில் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பெரும்பாலும் அந்த இரண்டு சொற்களே பதிலாகக் கிடைத்திருந்தன. அந்தச் சொற்களுக்குள் இருக்கும் கணக்கைத் தெரிந்துகொண்டால், உங்கள் பள்ளியின் முடிவு சரியா தவறா என்பதை நீங்களே எடைபோட முடியும். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒஹாயோவில் பிளேஆஃப் ஆட்டங்கள் (பருவம் முடிந்ததும் நடக்கும் நாக்-அவுட் ஆட்டங்கள்) தொடங்கிய 1972-ஆம் ஆண்டிலிருந்தே, பெருந்தொற்று ஆண்டான 2020 நீங்கலாக, எந்த அணி தகுதி பெறும் என்பதை ஜாக் ஹார்பின் என்பவர் வகுத்த புள்ளிமுறைதான் முடிவு செய்துவருகிறது. அதன் அடிப்படை எளிது. ஓர் ஆட்டத்தை வென்றால், தோற்ற அணி எந்த டிவிஷனைச் சேர்ந்ததோ அதற்கேற்ப முதல் நிலைப் புள்ளி கிடைக்கும். பெரிய பள்ளியை வென்றால் சற்றுக் கூடுதல், சிறிய பள்ளியை வென்றால் சற்றுக் குறைவு. அதற்குப் பிறகு, நீங்கள் வென்ற அணி அந்தப் பருவத்தில் யார் யாரை வெல்கிறதோ, அந்த வெற்றிகளுக்கான புள்ளிகள் இரண்டாம் நிலைப் புள்ளிகளாக உங்கள் கணக்கிலும் சேரும். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றீர்கள் என்பதை இந்த முறை பார்ப்பதே இல்லை. 21-20 என்று வென்றாலும் 56-0 என்று வென்றாலும் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். தோற்ற ஆட்டத்திலிருந்து, எதிரணி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எவ்வளவு நெருங்கித் தோற்றிருந்தாலும், ஒரு புள்ளியும் வராது.

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியின் முடிவை எடைபோட இதுதான் திறவுகோல்.

பத்து வாரப் பருவத்தில் பள்ளிக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எட்டுப் பள்ளிகள் கொண்ட லீக்கில் ஏழு வாரங்கள் லீக் ஆட்டங்களுக்கே போய்விடும். மீதம் இருப்பவை பருவத் தொடக்கத்தின் மூன்று வெள்ளிக்கிழமைகள் மட்டுமே. எங்கள் விளையாட்டு இயக்குநரின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் பத்துக் கட்டங்கள்; ஏழில் அழியாத மையில் லீக் பள்ளிகளின் பெயர்கள்; முதல் மூன்று கட்டங்கள் மட்டும் பென்சிலுக்கென்று விடப்பட்டதுபோல் வெறுமையாக இருக்கும். ஜனவரி மாதத்து மாலைகளில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்த மூன்று கட்டங்களை நிரப்பத்தான் அவர் தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தரவரிசை முறை அட்டவணையைத் தீர்மானிக்கிறது என்று சொல்லும்போது, நாம் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்று கட்டங்களைப் பற்றித்தான்.

அந்த மூன்று கட்டங்களுக்கு எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரியான எதிரணியைத்தான் தேடுகின்றன: நம்மைவிடப் பெரிய டிவிஷனில் இருக்க வேண்டும், நாம் வெல்லக்கூடியதாக இருக்க வேண்டும், நம்மிடம் தோற்ற பிறகு மற்ற எல்லோரையும் அது வெல்ல வேண்டும். இப்படி ஓர் அணி கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரும் இதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பேசுகிறார். ஒரு வருடம் எங்கள் அணி நன்றாக வளர்ந்திருந்தபோது, ஒரே மாலையில் ஆறு பள்ளிகளை அழைத்தும் யாரும் சம்மதிக்கவில்லை. நான்காவதாக அழைத்தவர் மட்டும் மறைக்காமல் பேசினார்: “உங்களை வென்றால் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம், தோற்றால் போவது நிறைய. என் கோச்சிடம் நான் என்ன சொல்வது?” அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நன்றாக ஆடும் நடுத்தரப் பள்ளிகள் எதிரணி கிடைக்காமல் திண்டாடுவதும், எந்த லீக்கிலும் சேராமல் இருக்கும் மாசிலன் போன்ற பெரும் பெயர் பெற்ற பள்ளிகள் மாநில எல்லை தாண்டிக்கூட எதிரணி தேடுவதும் இதனால்தான். அதே மாசிலன், 1894-இல் தொடங்கிய கேன்டன் மெக்கின்லி பள்ளியுடனான ஆட்டத்தை மட்டும் எந்தப் புள்ளிக் கணக்குக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. பருவத்தின் கடைசி வாரம் அந்த ஆட்டத்துக்கு உரியது என்பது அந்த இரண்டு ஊர்களிலும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

‘ஒரு கணக்கு தீர்மானிக்கலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாநிலத்திலும் கணக்கு நேரடியாகத் தீர்மானிப்பதில்லை என்பதே என் அனுபவம். ஆனால் ஒரு கணக்கு எதை எண்ணுகிறதோ அதைத்தான் பள்ளிகள் தேடிப்போகும். எதை எண்ணாமல் விடுகிறதோ அது மெல்லக் கைவிடப்படும். பக்கத்து மாநிலமான மிச்சிகனைப் பாருங்கள். அங்கே நீண்ட காலமாக, ஆறு ஆட்டங்கள் வென்ற அணிக்குப் பிளேஆஃப் இடம் தானாகவே உறுதியாகிவிடும் என்ற விதி இருந்தது. அதன் விளைவாக, ஆறு வெற்றிகளை எங்கிருந்து பெறுவது என்பதே அட்டவணையின் முதல் கேள்வியாகிவிட்டது. வலுவான அணிகளை யாரும் அழைக்கவில்லை. வலுவான லீக்கில் மாட்டிக்கொண்ட பள்ளிகள் அதைவிட்டு வெளியேறப் பார்த்தன. எதிரணி கிடைக்காத தவிப்பு பொறுக்கமுடியாமல்தான் அந்த மாநிலச் சங்கம் ஆறு வெற்றி விதியையே நீக்கி, வலுவான அணியிடம் தோற்றாலும் ஓரளவு புள்ளி கிடைக்கும்படியாக முறையை மாற்றியது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லா அணிகளையும் பிளேஆஃபில் சேர்த்துக்கொண்டதால், புதிய முறை 2021-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளும் பயிற்சியாளர்களும் அவர்களேதான். கணக்கு மாறியதும் தொலைபேசியில் கிடைத்த பதில்கள் மாறின.

கென்டக்கி மாநிலம் பின்பற்றும் ஆர்.பி.ஐ. என்ற தரப்புள்ளி முறையிலும் எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் அந்த எதிரணியை வென்றீர்களா தோற்றீர்களா என்பது அந்தப் பங்கில் வேறுபாடு செய்யாது என்பதால், அங்கே வலுவான அணியோடு ஆடுவது ஒஹாயோவில் இருப்பதுபோல் அவ்வளவு ஆபத்தான பந்தயம் அல்ல. டெக்சாஸில் இந்தக் கவலையே இல்லை. ஒவ்வொரு மாவட்டப் பிரிவிலும் முதல் நான்கு இடம் பெறும் அணிகள் தகுதி பெற்றுவிடும். மாவட்டத்துக்கு வெளியே ஆடும் ஆட்டங்கள் எந்தக் கணக்கிலும் சேராதவை. அதனால் அங்கே பயிற்சியாளர்கள் பருவத் தொடக்கத்தில் தங்களைவிட வலிமையான அணியைத் தயக்கமில்லாமல் அழைத்து, தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். தென் கலிஃபோர்னியாவில் இன்னொரு மாதிரி: பருவம் முடிந்த பிறகு கணினித் தரப்புள்ளியைப் பார்த்துத்தான் எந்த அணி எந்தப் பிளேஆஃப் டிவிஷனில் ஆடும் என்று பிரிக்கிறார்கள். உயர்ந்த தரப்புள்ளி பெற்ற அணி கடினமான டிவிஷனுக்குப் போகும் என்பதால், அட்டவணை போடும்போது அங்கே எழும் யோசனைகள் நமக்கு முற்றிலும் புதியவை.

தரவரிசையால் கெடுதல் மட்டுமே வரும் என்று நான் சொல்லவரவில்லை. 2001 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் டி லா சால் பள்ளியும் லாங் பீச் பாலி பள்ளியும் நாட்டின் முதலிரண்டு இடங்களில் இருந்தபடி மோதின. தேசியத் தரவரிசை என்ற ஒன்று இல்லாமலிருந்தால், மாநிலத்தின் வடக்கிலும் தெற்கிலுமாக இருக்கும் அந்த இரண்டு பள்ளிகளின் ஆட்டத்தை நாடே பேசியிருக்காது. டி லா சால் 29-15 என்று வென்ற அந்த இரவை நேரில் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. நல்ல ஆட்டங்களை உண்டாக்கும் சக்தியும் தரவரிசைக்கு உண்டு.

இனி உங்கள் பள்ளிக்கு வருகிறேன். டிவிஷன் 1 பள்ளியை வென்றால் அதிகப் புள்ளி என்பது உண்மை. ஆனால் அடுத்தடுத்த டிவிஷன்களுக்கு இடையே முதல் நிலைப் புள்ளியில் இருக்கும் வித்தியாசம் சிறியதுதான். பெரிய அளவில் சேர்வது இரண்டாம் நிலைப் புள்ளி. எட்டு ஆட்டங்கள் வென்ற ஒரு சிறிய பள்ளியை நீங்கள் வென்றிருந்தால், இரண்டே ஆட்டங்கள் வென்ற ஒரு பெரிய பள்ளியை வென்றதைவிடப் பெரும்பாலும் அதிகப் புள்ளி உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும். இதைப் பல பயிற்சியாளர்களே கவனிப்பதில்லை. எதிரணியின் டிவிஷன் எண்ணைப் பார்த்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

நானும் அப்படி ஒரு தவறு செய்தவன். என் ஐந்தாவது பருவத்தில், நான் போட்ட கணக்கை நம்பித்தான் எங்கள் பள்ளி ஒரு பெரிய பள்ளியோடு மூன்றாம் வாரத்துக்கு ஒப்பந்தம் போட்டது. வென்றால் இவ்வளவு புள்ளி என்று ஒரு வரிசை எழுதியிருந்தேன். தோற்றால் என்ன ஆகும் என்று எழுதவேண்டிய வரிசையை எழுதவில்லை. அன்றிரவு மூன்றாம் கால் பகுதி தொடங்கிய சில நிமிடங்களிலேயே வித்தியாசம் முப்பது புள்ளிகளைத் தாண்டிவிட்டது. ஒஹாயோ விதிப்படி இரண்டாம் பாதியில் வித்தியாசம் முப்பதை எட்டினால் கடிகாரத்தை வழக்கம்போல் நிறுத்தாமல் ஓடவிடுவார்கள். ஆட்டம் சீக்கிரம் முடியட்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த ஓடும் கடிகாரத்தின் கீழ், தாக்குதல், தடுப்பு என்று இரண்டு பக்கமும் மாறிமாறி ஆடிக் களைத்திருந்த எங்கள் லைன்மேன்கள் இடுப்பில் கை வைத்து நின்ற காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு லைன்மேன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவன் இடத்துக்குப் போனது பத்தாம் வகுப்புப் பையன். எதிரணியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒருவர் என்ற அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள், எங்களிடம் இல்லை. அந்த ஆட்டத்தில் கிடைத்த புள்ளி பூஜ்யம். அடுத்த இரண்டு வாரங்கள், காயம் ஆறாத அணியோடு லீக் ஆட்டங்களில் தோற்றோம். எங்களை அந்த ஆண்டு பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தியவை அந்த இரண்டு தோல்விகள்தான்.

அதனால், வென்றால் கிடைக்கும் புள்ளியைப் பற்றி மட்டும் யாராவது பேசினால், தோற்றால் என்ன என்று கேளுங்கள். கணித ஆசிரியராக உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: கடந்த இரண்டு பருவங்களின் ஆட்ட முடிவுகளை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பள்ளியின் இடத்தில் இந்தப் பெரிய பள்ளியை வைத்து, வென்றதாக ஒருமுறையும் தோற்றதாக ஒருமுறையும் உங்கள் அணியின் புள்ளிச் சராசரியைக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எல்லா ஆட்ட முடிவுகளும் பொதுவில் இருப்பவை. ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. இரண்டு வருடத்து ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாலை செலவிடுவதில் யாருக்கும் மறுப்பு இருக்கக் கூடாது.

அதோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்த டிவிஷன் 1 பள்ளி ஏன் சம்மதித்தது? உங்களைப் போன்ற டிவிஷன் 3 பள்ளியை வெல்வதால் அவர்களுக்குக் கிடைக்கும் புள்ளி குறைவு. அப்படியிருந்தும் ஒப்புக்கொண்டார்கள் என்றால், அவர்களின் வலிமைக்கு அஞ்சி வேறு யாரும் ஆட வரவில்லை என்று பொருள். இல்லையென்றால் அவர்கள் வெற்றிக்காக ஏங்கும் பலவீனமான அணி என்று பொருள். முதலாவது உண்மையானால் உங்கள் பிள்ளைகள் வெல்வது கடினம். இரண்டாவது உண்மையானால், வென்றாலும் அவர்கள் மற்றவர்களை வெல்லப்போவதில்லை என்பதால் இரண்டாம் நிலைப் புள்ளி பெரிதாகச் சேராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல அணியாக அது இருக்கவும் கூடும். அப்படியானால் உங்கள் இயக்குநர் தேடிப்பிடித்தது ஒரு நல்ல எதிரணி, அவரைப் பாராட்டத்தான் வேண்டும். எது உண்மை என்பதை அந்தப் பள்ளியின் கடந்த மூன்று பருவ முடிவுகளே சொல்லிவிடும்.

அணியின் ஆள் பலத்தைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். இரண்டு பக்கமும் ஆடும் பிள்ளைகள் எத்தனை பேர், லைனில் மாற்று ஆட்களாக வரக்கூடிய பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர், அந்த ஆட்டம் முடிந்து லீக் தொடங்க எத்தனை நாட்கள் இருக்கின்றன என்பன பயிற்சியாளர் உடனே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். உங்கள் மகன் லைன்மேன் என்பதால் இதைச் சொல்லவில்லை; எல்லா அணிகளிலும் ஆட்கள் குறைந்தால் முதலில் தேய்வது லைன்தான்.

‘கம்ப்யூட்டர் பாயிண்ட்ஸ்’ பற்றிய பதற்றம் இப்போது ஏன் கூடியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இலிருந்து 2024 வரை ஒஹாயோவில் ஒவ்வொரு பகுதியிலும் 16 அணிகள் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றன. ஏழு டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் நான்கு பகுதிகள் என்று பார்த்தால், பாதிக்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளே வந்துவிடும் நிலை அது. 2025-இல் அதை 12 ஆகக் குறைத்தார்கள். முதல் நான்கு அணிகளுக்கு முதல் வாரம் ஓய்வு, அடுத்த நான்கு அணிகளுக்குச் சொந்த மைதானம். பத்தாம் இடத்துக்கும் பதினான்காம் இடத்துக்கும் நடுவில் ஊசலாடும் பள்ளிகளுக்கு ஒவ்வொரு புள்ளியும் முன்பைவிடக் கனமாகிவிட்டது. உங்கள் பள்ளி அந்த இடத்தில் இருக்கிறதென்றால், அவர்களுடைய கவலை நியாயமானதே. ஆனால் அந்த இடத்தில் இருக்கும் அணிக்கு வேண்டியது வெல்லக்கூடிய ஆட்டம்.

மகனின் கடைசிப் பருவம் என்று எழுதியிருப்பதால், கல்லூரி பற்றிய எண்ணமும் உங்கள் மனதில் இருக்கக்கூடும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பது அவனுடைய ஆட்டக் காணொளியை. பள்ளியின் ஹார்பின் புள்ளிச் சராசரியை அல்ல. அந்த ஒரு காரணத்துக்காக எந்த ஆட்டத்தையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ தேவையில்லை.

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஆடும் ஆட்டத்தை இழப்பது உங்களுக்கு வருத்தமாக இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. எனக்கும் அது வருத்தம்தான். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே கடைத்தெருவில் சந்தித்துக்கொள்பவர்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு நுழைவுச்சீட்டு வாங்குபவர்களில் பாதிப் பேர் புள்ளிக் கணக்குப் பார்க்காதவர்கள். மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் பெரிய பள்ளிக்கு ஆதரவாகவே வந்தாலும், அந்த உறவை முழுவதும் அறுத்துவிட வேண்டியதில்லை. புள்ளிகள் சேர்வது பருவத்தில் முதல் அணி ஆடும் பத்து ஆட்டங்களுக்கு மட்டும். ஜூனியர் வார்சிட்டி எனப்படும் இரண்டாம் அணியும் ஒன்பதாம் வகுப்பு அணியும் ஆடும் ஆட்டங்கள் எந்தத் தரவரிசையிலும் சேராதவை. ஆகஸ்டில் பருவத்துக்கு முன் நடக்கும் பயிற்சி ஆட்டமும் அப்படியே. ஆகஸ்ட் பயிற்சி ஆட்டத்தை ஒவ்வொரு வருடமும் அந்தச் சிறிய பள்ளியோடு வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் குழுவின் சார்பில் எழுத்தில் கொடுங்கள். இதற்கு இரண்டு வருட ஒப்பந்தம் வேண்டாம், இரண்டு இயக்குநர்கள் தொலைபேசியில் பேசினால் போதும். ஆனால் ஆகஸ்ட் தேதிகளும் வசந்த காலத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்விடும். அதனால் பெரிய பள்ளியைப் பற்றிய முடிவு எதுவாக இருந்தாலும், இந்த ஒரு கோரிக்கையை இந்தக் கூட்டத்திலேயே வைத்துவிடுங்கள்.

அன்புடன்.